ஏழு முதல் பன்னிரண்டு வரை

பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு நான் புதூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது எண்பதுகள் தொடங்கியிருந்தன. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு நீள மேசை, ஒரு மின்விசிறி. முதலாளி பெங்களூரில் பெரிய வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய இன்ஜினியர். அவரையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். இரண்டு பெண்கள் சர்க்யூட் போர்டில் உதிரிகளைச் செருகி, ஈயம் உருக்கிச் சால்டர் செய்வார்கள். ஒருவர் தகரப் பெட்டி செய்வார். நான் டெஸ்டிங். சால்டர் ஆன போர்டை ஸ்பிரிட்டில் கழுவி, காயவைத்து, மீட்டரில் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

சால்டர் செய்யும் இருவரில் மூத்தவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். கோரிப்பாளையத்துக்காரர். கணவர் லாரி பட்டறையில் வேலை பார்த்தார். இரண்டு பெண் பிள்ளைகள். என் வீடு வடக்கு மாசி வீதிப் பக்கம். சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். கோரிப்பாளையத்தில் அவர் இறங்கிக்கொள்வார், நான் ஆற்றைத் தாண்டிப் போவேன். மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுவோம். அவருடைய கத்திரிக்காய்ப் புளிக்குழம்புக்காக என் தயிர்சாதத்தைப் பாதி கொடுத்துவிடுவேன்.

அவருக்கு உள்ளங்கை எப்போதும் வேர்க்கும். மார்கழிக் குளிரிலும் வேர்க்கும். பள்ளிக்கூடத்தில் நோட்டு நனைந்து மை கலைந்து அடி வாங்கியதையும், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டதையும், கல்யாணத்துக்கு இட்ட மருதாணி ஒரு கையில் கலங்கிப் போனதையும் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "யார்கிட்டயும் சொல்லிறாதம்மா. வேலைக்கு ஆகாதுன்னு நெனச்சிருவாங்க" என்றார். மடியில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு வைத்திருப்பார். ஒவ்வொரு போர்டையும் தொடுவதற்கு முன் கையைத் துடைத்து, போர்டின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடிப்பார். அவ்வளவு கவனமாகப் போர்டைப் பிடித்தவர்களை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை. வேகமும் அதிகம். மற்றவள் ஒன்று முடிப்பதற்குள் அவர் நான்கைந்து முடித்துவிடுவார்.

அந்தக் கோடையில் கண்மாய்களுக்கு ஓர் எச்சரிக்கைப் பெட்டி செய்தோம். கரையோரம் கம்பத்தில் பெட்டி இருக்கும். அதிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் தொங்கும். தண்ணீர் ஏறி அந்தக் கம்பிகளைத் தொட்டால் ஊருக்குக் கேட்கிற மாதிரி ஹார்ன் அலறும். ஹார்னுக்குத் தனியாகப் பெரிய பேட்டரி. தண்ணீர் வருகிறதா என்று காவல் காக்கும் போர்டுக்கு டிரான்சிஸ்டர் ரேடியோவில் போடுகிற சின்னச் சதுரப் பேட்டரி. தண்ணீர் வராத நாளெல்லாம் அந்தப் போர்டு சும்மாதான் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அது இழுக்கிற கரண்ட்டை நாங்கள் தூங்குற கரண்ட் என்போம். ஐந்தாறு மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது. அந்தக் கணக்கில் பேட்டரி ஒரு வருடத்துக்குக் குறையாமல் தாங்கும். பன்னிரண்டு பெட்டிகள் செய்தோம். பன்னிரண்டையும் நான்தான் அளந்தேன். பன்னிரண்டிலும் முள் ஐந்தைத் தாண்டவில்லை. புரட்டாசியில் மேலூர்ப் பக்கம் கொண்டுபோய் மாட்டினார்கள்.

ஐப்பசி மழை பிடித்து மூன்றாவது வாரம். ஒரு காலை நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் சாக்குப்பையோடு வாசலில் வந்து நின்றார். மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாயில் மடையைத் திறந்து அடைக்கிற வேலை அவருக்கு. சாக்கிலிருந்து எங்கள் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். தகரத்திலிருந்து சேற்றுத்தண்ணீர் வடிந்தது.

"இது கத்தலை தாயி" என்றார்.

தங்கச்சி மகள் இறந்துபோன செய்தி வந்து நத்தம் பக்கம் போயிருந்தாராம். பெட்டி இருக்கிற தைரியத்தில்தான் போனார். "பெட்டி கத்துனா ஓடிப்போயி மடையத் தொறங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். பொணத்த எடுக்குற வரைக்கும் அங்கதான் இருந்தேன். இங்கிட்டு மத்தியானம் பேஞ்ச மழையில தண்ணி கரையேறி இறங்கிருச்சு. பெட்டி வாயவே தொறக்கலை. கரைக்குக் கீழ இருந்த நாத்தெல்லாம் போச்சு."

"யாரோடது?" என்று கேட்டேன்.

"ஏழு வீட்டு நாத்து. எல்லாம் ஒரு குறுக்கம், ரெண்டு குறுக்கம் நெலம் வச்சிருக்கவுக. என்னைய மொகத்துக்கு நேரா யாரும் ஒண்ணும் கேக்கலை. அதுதான் தாங்கலை."

முதலாளி அவரை உட்காரச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார். அவர் உட்காரவுமில்லை, டீ குடிக்கவுமில்லை. பெட்டியை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சின்னப் பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தது. வேறு பேட்டரி போட்டு மீட்டரை இணைத்தேன். முள் ஒரேயடியாக அந்தக் கோடிக்குப் போய் முட்டியது. ரேஞ்சை மாற்றிப் பார்த்தால் எழுநூறு. அப்படியென்றால் மூன்று வாரத்தில் பேட்டரி காலியாவதில் ஆச்சரியமே இல்லை. சேறு போகட்டும் என்று போர்டைக் கழற்றித் துடைத்துப் பின்பக்கம் வெயிலில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து அளந்தால் முள் ஐந்தில் நின்றது. ஐந்தேதான்! பேட்டரியை மாற்றினேன், வயரை மாற்றினேன், மீட்டரைக்கூட மாற்றினேன். ஐந்து. கெட்டுப்போன போர்டு என் கண்முன்னால் நல்ல போர்டாகிவிட்டது. எதைச் சரிசெய்வது?

இரண்டு நாள் அதையே வைத்து மல்லாடினேன். மழை பெட்டிக்குள் இறங்கியிருக்கும் என்றார் முதலாளி. பெட்டியின் உள்பக்க ரப்பர் கெடாமல் இருந்தது. உள்ளே தண்ணீர் இறங்கிய தடமே இல்லை. பெட்டியைக் கழற்றும்போதுதான் சேறு உள்ளே போயிருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் போர்டின் நடுவில், அதற்கு மூளை மாதிரி இருக்கிற ஐ.சி.க்குப் பக்கத்தில் ஒரு பஞ்சு இழை ஒட்டியிருப்பதைப் பார்த்து, குனிந்து வாயால் ஊதினேன். மீட்டர் இணைப்பில்தான் இருந்தது. முள் ஐந்திலிருந்து துள்ளி ஏறிப் பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. மறுபடி ஊதினேன். மறுபடி ஏறியது.

என் மூச்சின் ஈரம் போதுமானதாக இருந்தது. போர்டின் மேல் ஏதோ ஓர் அழுக்குப் படலம் படிந்திருக்கிறது. காய்ந்திருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. காற்றில் ஈரம் ஏறியதும் உப்பு மாதிரி அதை உறிஞ்சி, பக்கத்துப் பக்கத்துச் செம்புக் கோடுகளுக்கு நடுவில் கரண்ட் கசிய வழி விடுகிறது. அந்தக் கசிவில் ஐ.சி. முழுதாகத் தூங்கவும் முடியாமல் முழுதாக விழிக்கவும் முடியாமல் இரண்டுங்கெட்டானாக நின்று பேட்டரியைக் குடிக்கிறது. கோடை வெயிலில் அளந்தபோது இது எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

உப்பு என்று நினைத்த உடனே எனக்கு வேர்வை ஞாபகம் வந்தது. வேர்வை என்றதும் அக்காவின் கை.

மற்றப் பதினொரு பெட்டிகளையும் வரவழைத்தோம். ஒவ்வொரு போர்டிலும் சால்டர் செய்தவரின் அடையாளம் இருக்கும். அக்காவுடையது மூன்று புள்ளி, மற்றவளுடையது ஒரு கோடு. முதலில் வந்ததையும் சேர்த்துப் பன்னிரண்டையும் மீட்டரில் மாட்டி ஊதிப் பார்த்தேன். ஆறில் முள் அசையவில்லை. ஆறில் துள்ளியது. துள்ளிய ஆறில் ஐந்தில் மூன்று புள்ளி. ஒன்றில் மட்டும் கோடு. அதையும் அக்கா ஏதாவது சமயத்தில் எடுத்துக் கொடுத்திருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி முதலாளியிடம் கொண்டுபோனேன். ஊதிக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முள்ளையே பார்த்தார்.

"கைபட்ட அழுக்குங்கிறே. சரி. அந்தம்மா கைதான்னு எப்படிச் சொல்றே?"

"அவங்களுக்குக் கை வேர்க்கும் சார். எப்பவும் வேர்க்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களே சொன்னாங்க சார்."

அவர் அக்காவைக் கூப்பிட்டார். நான் வெளியே போயிருக்கலாம். போகவில்லை. ஏழு வீட்டு நாற்று போனதைச் சொன்னார், போர்டில் வேர்வை படிந்திருப்பதைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அக்கா அவர் பேசி முடிக்கிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஓரத்தப் புடிச்சுத்தான் வேலை பார்த்தேன் சார்" என்றார்.

"இருக்கலாம்மா. ஆனா ஈரம் ஈரந்தானே. கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. வேற மாதிரி வேலை வந்தா நானே சொல்லி அனுப்புறேன்."

அக்கா மேசைக்குத் திரும்பி, சால்டரிங் அயர்னை அணைத்து, அது ஆறுகிறவரை நின்று, முனையைத் துடைத்து ஸ்டாண்டில் வைத்தார். துண்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் நான் தனியாகப் போனேன்.

அதன்பின் எல்லாப் போர்டுகளையும் மற்றவளே செய்தாள். அவளுக்கு மெல்லிய ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தார் முதலாளி. இரண்டு வாரத்தில் நான்கு போர்டுகள் முடிந்தன. நான் கழுவிக் காயவைத்து, மீட்டரில் மாட்டி, நம்பிக்கையோடு ஊதினேன். முள் துள்ளியது. நான்கிலும் துள்ளியது.

முதலில் உறை கிழிந்திருக்குமோ என்று பார்த்தேன். கிழியவில்லை. வேறு யோசனை எதுவும் வராமல், பழைய பன்னிரண்டு போர்டுகளையும் மேசையில் மறுபடி வரிசையாக அடுக்கினேன். முன்பு புள்ளியையும் கோட்டையும் வைத்துப் பிரித்திருந்தேன். இந்தத் தடவை நம்பர் வரிசையில் வைத்தேன். பக்கத்திலேயே நான் எழுதிய தாள் இருந்தது. ஒன்று முதல் ஆறு வரை நல்லவை. ஏழு முதல் பன்னிரண்டு வரை கெட்டவை. நடுவில் ஒன்றுகூட மாறவில்லை.

புள்ளிகளையும் அப்போதுதான் எண்ணினேன். பன்னிரண்டில் பத்து அக்கா செய்தது. அதில் பாதி கெட்டிருந்தது. மற்றவள் செய்தது இரண்டே இரண்டு. அதிலும் பாதி கெட்டிருந்தது. அக்கா அதிகம் செய்தார், அதனால் கெட்டதிலும் அவர் புள்ளி அதிகம் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற கணக்கு.

ஆறாவது போர்டுக்கும் ஏழாவது போர்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மாற்றியது நான்தான். அப்போதெல்லாம் ஸ்பிரிட் வாங்க பெர்மிட் வேண்டும், மாதத்துக்கு ஒரு கேன்தான். அந்த மாதம் பெர்மிட் வரத் தாமதமானது. சால்டர் செய்வதற்கு முன் தடவும் பசை போர்டில் மிச்சம் இருக்கும். அதைக் கழுவத்தான் ஸ்பிரிட். இருக்கிற ஸ்பிரிட்டையே தட்டில் வைத்து நாள்கணக்காகத் திரும்பத் திரும்ப உபயோகித்தேன். முதலில் தெளிவாக இருந்தது, கழுவிய பசையெல்லாம் கரைந்து டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்தது. அது படலமாகத் திரும்பப் படிந்த போர்டுகளும் பார்க்கப் பளபளப்பாகத்தான் இருந்தன. அதனால் பெர்மிட் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சிக்கனமாக இருக்கிறேன் என்று பெருமைகூட இருந்தது.

நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. உதிரி எதுவும் செருகாத இரண்டு வெற்றுப் போர்டுகளை எடுத்தேன். ஒன்றைக் கையால் தொடாமல் இடுக்கியால் பிடித்து என் தட்டில் முக்கிக் காயவைத்தேன். இன்னொன்றை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து வேர்க்கும்வரை அழுத்தித் தேய்த்து, கொஞ்சம் பசையும் தடவி, புது ஸ்பிரிட்டில் கழுவினேன். இரண்டையும் மீட்டரில் மாட்டி ஊதினேன். கை படாத போர்டு கசிந்தது. கை வேர்வையில் ஊறிய போர்டு கசியவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். தட்டைக் காட்டினேன், இரண்டு போர்டுகளையும் காட்டினேன். "தப்பு என்னுது சார்" என்றேன். அவர் கொஞ்சநேரம் தட்டை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"நல்லவேளை கண்டுபிடிச்சே" என்றார். "ஒவ்வொரு தடவையும் புது ஸ்பிரிட் ஊத்து. கடைசியா இன்னொரு தடவை அலசிரு. இதை ஒரு நோட்டுல எழுதி வை." கதவு வரை போனவர் திரும்பி, "அந்தம்மாவையும் வரச்சொல்லு, வந்தா" என்றார்.

அவ்வளவுதான். சந்தேகத்துக்கு அக்காவுக்கு வேலை போனது. என் தப்பு நிரூபணமானதற்கு எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்படி நடந்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் கோரிப்பாளையத்தில் இறங்கினேன். தர்காவுக்குப் பின்னால் மூன்றாவது சந்து என்று அக்கா எப்போதோ சொன்ன அடையாளத்தை வைத்து விசாரித்துப் போனேன். வாசலையொட்டித் தையல் மெஷின் போட்டுத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். "வா" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய மாமியார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, யாரென்று கேட்டுவிட்டு டீ போடப் போனார்.

பஸ்ஸில் நினைத்துவைத்திருந்த எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தேன். நம்பர் வரிசையை, தட்டை, இரண்டு வெற்றுப் போர்டுகளை எல்லாம் சொன்னேன்.

"அப்ப என் கை இல்லையா?"

"இல்லக்கா."

"நல்லாப் பார்த்தியா?"

"நல்லாப் பார்த்துட்டேன்."

அவர் தைத்த உறையை எடுத்து மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"நான் மேலூருக்குப் போனேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"போன வாரம் ஒருநா. வீட்டுல ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு பஸ் ஏறிப் போனேன். அந்தக் கம்மாயத் தேடிப் போயி கரையில நின்னேன். கீழ வெறும் சேறாக் கெடந்துச்சு. ஒரு பொம்பள மறுபடியும் நாத்துப் பாவ இடத்த ஒதுக்கிக்கிட்டு இருந்தா. யாரும்மா, என்ன வேணும்னு கேட்டா. ஒண்ணும் சொல்ல வரலை. வந்துட்டேன்." மடித்த உறையை மெஷின்மேல் வைத்தார். "என் கையாலதான் அம்புட்டும் போச்சுன்னு நெனச்சேன். சோறு பிசையும்போதெல்லாம் அந்த நெனப்புத்தான்."

அந்தக் கண்மாய்க்கு நான் போயிருக்கவில்லை. போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமியார் டீயைக் கொண்டுவந்து வைத்தார். நான் அழ ஆரம்பித்தேன். அக்கா சமாதானப்படுத்தவில்லை.

"நீ சார்கிட்ட சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "அது உன் வேலை. ஆனா நான் சோத்துல கைய வச்சுக்கிட்டு உன்கிட்ட சொன்னத நீ அங்க கொண்டுபோயிட்டியேம்மா."

"சார் வரச்சொன்னாரு அக்கா. நீங்க வரணும்."

"அது பெறகு பாப்போம். நீ சார்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. எல்லாரும் இருக்கும்போது சொல்லு. எங்கூடச் சால்டர் வைக்கிற பிள்ளைக்குத் தெரியணும், பெட்டி செய்யிற அண்ணனுக்கும் தெரியணும். என் கை இல்லைன்னு சொல்லு. உன் வாயால சொல்லு."

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது எழுந்து நின்று சொன்னேன். முதலாளியிடம் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. தகரப் பெட்டி செய்பவர் சாப்பாட்டைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "அந்தம்மா தலையில போட்டுட்டீகளே" என்று மட்டும் சொன்னார். மற்றவள் மடியிலிருந்த ரப்பர் கையுறைகளை எடுத்து மேசையோரத்தில் வைத்தாள். அதற்கப்புறம் அவள் அவற்றைப் போடவே இல்லை.

பன்னிரண்டு போர்டுகளையும் புதிதாகக் கழுவி, ஈரத்துணி போட்ட அண்டாவுக்குள் இரண்டு நாள் மூடிவைத்து அளந்துவிட்டு, தை மாதத்தில் நானே கண்மாய்களுக்குக் கொண்டுபோனேன். மடைக்காரர் கம்பத்தில் ஏணியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ஏழாம் நம்பர் பெட்டியை மாட்டிவிட்டுக் கீழே இறங்கி, எங்கே தப்பு நடந்தது, யாரால் நடந்தது என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மாட்டிட்டுப் போங்க தாயி, இருக்கட்டும்" என்றார். "இனிமே நான் கம்மாய விட்டு எங்கிட்டும் போறதா இல்லை."

ஏழு வீட்டுக்காரர்களில் இருவர் அந்தப் போகத்தில் மறுபடி நடவில்லை என்று ஏணியைத் தூக்கும்போது சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அக்கா மாசி மாதம் வேலைக்குத் திரும்பினார். பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். முன்னைப் போலவே வேகமாக, ஓரத்தை மட்டும் பிடித்து வேலை செய்தார். போர்டு கழுவும்போது சில சமயம் எழுந்துவந்து தட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போவார். தெளிவாக இருந்தாலும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவேன். மத்தியானம் மறுபடி ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். குழம்பு கொடுத்தார், தயிர்சாதம் வாங்கிக்கொண்டார். மழை, பஸ், பிள்ளைகளின் பரீட்சை, கடையில் என்ன காய் கிடைத்தது என்பதெல்லாம் பேசினோம். எனக்குக் கல்யாணமாகி நான் வேலையை விடுகிறவரை இன்னும் மூன்று வருடங்கள் அப்படியே போயின. அந்த மூன்று வருடங்களில் அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.